கால் எட்டும் இடத்தில் கிளட்ச்

என் அக்கா காமு கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பத்தாறு வயதில். ஆசைப்பட்டு அல்ல. தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலப் படியில் ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்தாள். இடது முழங்காலில் தகடு வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. பஸ் படி ஏற முடியாது. ஷேர் ஆட்டோவில் அத்தனை பேருக்கு நடுவில் ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு உட்காரவும் முடியாது. வண்டலூரில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன.

அவள் பையன் கிரீஷ் வெளிநாடு போவதற்கு முன் பழைய ஆட்டோமேடிக் கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். அதில் கிளட்ச் கிடையாது. இடது கால் சும்மா ஒரு பக்கமாகக் கிடக்கலாம். வலது கால் மட்டும் வேலை செய்தால் போதும்.

அக்காவின் கணவர், பட்டாபிராமன் அத்திம்பேர், வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "காமு, பிரேக். பிரேக்டீ," என்று சொல்வதே அவர் பங்கு. அவள் பதில் சொல்வதில்லை. சில நாள் மட்டும், "இறங்கி நடந்து வரேளா?" என்பாள்.

வேலை விட்ட பிறகும் காரை விடவில்லை. நாவலூரில் இருக்கும் தன் பெண் ஸஹானாவைப் பார்க்கப் போவாள், காய்கறி வாங்கப் போவாள். சில காலைகளில், "சும்மா போயிட்டு வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாளாம். எதற்கு என்று கேட்டால், "யாரும் பிரேக்னு சொல்லமாட்டா," என்றாள்.

இந்த முறை நான் கனடாவிலிருந்து லீவில் வந்திருந்தபோது கியர் பாக்ஸ் போய்விட்டது. அக்கா ஓட்ட, நான் பக்கத்தில். வண்டலூர் சிக்னலில் பச்சை விழுந்தது. எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன்கள். கனடாவில் பின்னாலிருந்து ஹாரன் அடித்தாலே யாரோ சண்டைக்கு வருகிறார்கள் என்று அர்த்தம். பைக்கில் வந்தவன் ஒருவன் ஜன்னலில் குனிந்து, "யக்கா, தள்ளவா, இல்ல சூடம் கொளுத்தவா?" என்றான். பிறகு அவனே தள்ளினான்.

ஏரிக்குப் பின்னால் இருந்த மெக்கானிக் வெற்றிவேலின் ஷெட்டுக்குக் கயிறு கட்டி இழுத்துப் போனோம். அவன் காரை மேலே தூக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"பாக்ஸ் காலிம்மா. புதுசு போட்டா வண்டி விலைய விட அது ஜாஸ்தி. பழசு எவன்கிட்டயும் கெடைக்காது. இதே வண்டில மேனுவல் ஒண்ணு அடிபட்டு புதுப்பேட்டை காயலான் கடைல கெடக்குது. அதோட பாக்ஸ், பெடல், கம்பி எல்லாம் கயட்டியாந்து இதுல மாட்டிரலாம்."

"ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் பிரச்சினை ஆகாதா?" என்று கேட்டேன்.

"எய்திக் குட்த்து மாத்திக்கலாம் சார். இன்னா சார், வண்டிய இறக்கறதுக்கு முன்னாடியே பேஜாராவுறீங்க."

அன்று சாயங்காலம் ஹாலில் கூடிப் பேசினோம். கிரீஷ் போனில் இருந்தான். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்திருந்தோம்.

"மேனுவலே போட்டுடலாம்மா," என்றான் கிரீஷ். "ஆட்டோமேடிக் ரிப்பேர் ஓயவே ஓயாது."

"வேணுங்கற அன்னிக்கு ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டுக்கலாம்," என்றார் அத்திம்பேர். "ஆட்டோமேடிக்குன்னா பாதிப் பேர் வரமாட்டேங்கறான். மேனுவல்னா யார் வேணா வருவான்."

அக்கா தன் காலை எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தாள். "கிளட்ச் வந்துட்டா நான் எப்படிடா ஓட்டறது?"

"நீ எதுக்கும்மா ஓட்டணும்? ஜம்முன்னு பின்னாடி உக்காந்துண்டு வா."

நானும் தலையாட்டினேன். அவள் அந்தக் காலை வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் ஓட்டுகிறாள் என்ற நினைப்பே, பல வருடங்களாக அங்கே என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் அவள் நல்லதுக்குத்தான் பேசினோம்.

"சரி, பண்ணுங்கோ," என்றாள். ஆபீஸில் வேறு செக்ஷனுக்கு மாற்றினால் சொல்லும் குரலில் சொன்னாள்.

சில நாள் கழித்து வெற்றிவேல் கூப்பிட்டான். வேலை பாதியில் நிற்கிறது, வண்டி ஓட்டுகிறவர் வந்து உட்கார வேண்டும் என்றான். மூன்று பேரும் போனோம்.

முன்சீட்டுகளுக்கு நடுவில், குமிழ் இல்லாத கியர் கம்பி ஒன்று மொட்டையாக நின்றது. கிளட்ச் பெடல் இன்னும் பொருத்தவில்லை. ஆட்டோமேடிக் காரில் அதற்கு ஓட்டையே இருக்காதாம். எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவிலுள்ள தகட்டில் புதிதாகத் துளைக்க வேண்டும். வெற்றிவேல் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தான்.

"ஓட்றவங்க குந்தி, கால் வெச்சுக் காட்டுனாத்தான் துளை போடுவேன்," என்றான். "அளவு பாக்காம போட்டா அப்பறம் முட்டி வலிக்குது, முதுகு வலிக்குதுன்னு வந்து நிப்பாங்க. ஒருவாட்டி போட்ட ஓட்டைய அடைக்க முடியாதும்மா."

"ஆக்டிங் டிரைவர்தாம்ப்பா ஓட்டப்போறான். தினம் ஒருத்தன் வருவான். பொதுவா ஒரு அளவு வச்சுடேன்," என்றார் அத்திம்பேர்.

"பொதுவா ஒரு காலு எங்க சார் கீது?"

அத்திம்பேர் சாக்பீஸ் வட்டத்தைப் பார்த்தார். நான் அத்திம்பேரைப் பார்த்தேன். அக்கா கைத்தடியை என்னிடம் நீட்டினாள்.

எப்போதும் போலவே ஏறினாள். முதலில் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பிறகு இரண்டு கைகளாலும் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். வெற்றிவேல் பெடலைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டத்துக்கு நேராகக் காட்டினான். அவள் பாதம் அந்த உயரத்துக்கு ஏறவில்லை.

"கீழ கொண்டு வா," என்றாள்.

இறக்கினான்.

"இன்னும்."

தரையோடு ஒட்டும்வரை இறக்கினான். அவள் முழங்காலை மடக்காமல், இடுப்பிலிருந்து மொத்தக் காலையும் முன்னால் தள்ளினாள். பெடல் கொஞ்சம் உள்ளே போனது. நெற்றியில் வேர்வை.

"இங்க வை."

"இவ்ளோ கீழயா? மத்தவங்களுக்குச் செட் ஆவாதும்மா. கால கொஞ்சம் விட்டாலே வண்டி குதிக்கும்."

"மத்தவா காலு தினம் ஒண்ணு வரும். இந்தக் கால் ஒண்ணுதான் எப்பவும் நம்ம ஆத்துல இருக்கு."

"காமு, டிரைவர் வச்சுக்கலாம்னுதானே முடிவு பண்ணினோம்," என்றார் அத்திம்பேர்.

"வச்சுக்கோங்கோ. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒவ்வொரு சிக்னலுக்கும் இதை அமுக்கணும்க்கா. உன்னால ஆகுமா?"

"ஆகாது பத்ரி," என்றாள். "ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு யார் போறா?"

வெற்றிவேல் பழைய வட்டத்தை விரலால் அழித்துவிட்டுக் கீழே வேறு வட்டம் போட்டான். துளை போடும் இயந்திரத்தின் சத்தத்தில் மேற்கொண்டு யாரும் பேச முடியவில்லை.

கார் வீட்டுக்கு வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை நாவலூர் போக ஆக்டிங் டிரைவர் ஒருவர் வந்தார். ஞானையா என்று பெயர். கேட்டைத் தாண்டுவதற்குள் வண்டி இரண்டு முறை நின்றுபோயிற்று.

"யாரும்மா கிளட்ச்சத் தரையில ஒட்டி வெச்சது? ஷூவக் கழட்டிட்டுத்தான் ஓட்டணும் போல." மறுபடி ஸ்டார்ட் செய்தவர் டேஷ்போர்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "நியூட்ரல்னே காட்டுது?"

காரின் கம்ப்யூட்டர் இன்னும் தன்னை ஆட்டோமேடிக் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் ஆகட்டும் என்று வெற்றிவேல் ஏதோ ஒயரைச் சேர்த்துவிட்டிருந்தான். அன்றிலிருந்து எந்த கியரில் போனாலும் அங்கே ஒரே எழுத்துதான் எரியும்.

"அது அப்படித்தான் சொல்லிண்டிருக்கும். நீ போப்பா," என்றாள் அக்கா பின்சீட்டிலிருந்து. ஞானையா ஷூவைக் கழற்றினார்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் காலை, "வரியா, சும்மா போயிட்டு வரலாம்," என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரேக் என்று சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தெருவில் முதல் கியர், ஏரிப் பாதையில் இரண்டாவது. அதற்கு மேல் அவள் போடவில்லை. ஒவ்வொரு முறை கிளட்ச்சை மிதிக்கும்போதும் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். பால்காரர் சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போனார்.

ஏரி ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்து, மெதுவாகத் தேய்த்துவிட்டாள். வெளியே தண்ணீர் பாதி ஆகாயத்தாமரைக்கடியில் கிடந்தது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"நாழியாறதே, திரும்பலாமா?" என்று கேட்டேன்.

சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருடா. கால் கொஞ்சம் ஆறட்டும். வீடு வரைக்கும் நான்தானே ஓட்டணும்."