திண்ணனூர் நாட்டைத் தாண்டி

கொல்லிமலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த கூட்டம். நாங்கள் இருந்தது தேவனூர் நாடு. அத்தையைக் கட்டிக்கொடுத்தது ஆலத்தூர் நாடு. ஏழு வயதில் எனக்குத் தெரிந்த நாடுகளெல்லாம் நடந்து போய்த் திரும்பக்கூடியவை; அவற்றில் கடைசி திண்ணனூர் நாடு.

செடி சேகரிக்க வந்த ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு என் சித்தப்பா சுமை தூக்கினார். துரை அடுத்துத் திபெத்துக்குப் போவதாக இருந்தார்; சித்தப்பாவையும் அழைத்தார். "என்னைப் பொதைச்சுட்டுப் போங்க" என்று சித்தி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அதன்பின் வீட்டில் அவர் வாய் திறக்கவில்லை. சாமைக்காட்டுப் பரணில் குருவி விரட்டிக்கொண்டிருந்த என்னிடம் மட்டும் பேசினார்.

"அங்க ஊட்டையே சுருட்டிச் சடை எருமை மேல ஏத்திக்கிட்டு, புல்லு இருக்கிற பக்கம் போயிருவாங்க கண்ணு."

"அப்ப ஊரு?"

"அதுவும் கூடவே நடக்கும்."

"எந்த நாடு அது? திண்ணனூர் நாட்டைத் தாண்டியா?"

அவர் சிரித்துவிட்டார். "ஆமா சாமி, அதைத் தாண்டித்தான்."

ஒரு பழைய கம்பளியும் வறுத்த கேழ்வரகு மாவும் பரணில் சேர்ந்தன. குளிருக்கென்று மிளகைப் பொறுக்கி, ஏழு முடிச்சாகக் கட்டியது நான்.

புதன்கிழமை விடியலில் கிளம்பினார். "சித்தி கேட்டா உள்ளதைச் சொல்லிரு கண்ணு" என்றார். இரண்டு முறை சொன்னார்.

சித்தி கேட்டாள். "திண்ணனூர் நாட்டைத் தாண்டிப் போயிருக்காரு" என்றேன்.

"மாடு பாக்கவா? சொல்லிட்டுப் போனா வாய் முத்து உதிர்ந்துருமாக்கும்!" என்றாள். அவருக்கும் சேர்த்துக் களி கிண்டி மூடி வைத்தாள். மறுநாளும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குச் சந்தேகம் தட்டியது. அவர் அடிவாரத்துக்கு இறங்குவதற்குள் துரையின் லாரி போய்விட்டது.

சித்தப்பா திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை. சித்தி என்னைத் திட்டவில்லை. எனக்குத் தலை வாரிவிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

அடிவாரத்துக் குடியானவர் ஒருவர் சொன்னதை அப்பா பல வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். லாரி வந்தது வெள்ளிக்கிழமை காலையில். அதுவரை இரண்டு பகலும் சித்தப்பா மலைப்பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். யார் இறங்கி வந்தாலும் எழுந்து நின்றாராம்.

உள்ளதைச் சொல்லிரு என்று இரண்டாம் முறை சொன்னபோது, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரியென்று தலையாட்டினேன்.