ஆறு கம்பி அகலக் கடல்

இன்று காலை மில் சங்கு ஊதியதும் என் நாக்கு மறுபடி கரித்தது.

எட்டு வயதில், கடல் பார்க்கும் ஆசையோடு ராஜபாளையத்திலிருந்து அப்பாவுடன் ரயில் மாறித் தூத்துக்குடி அத்தை வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் ஞாயிறு. அந்த வீட்டில் ஓய்வுநாளில் அடுப்புக்கூட எரியாது. முந்தின நாள் சோறுதான். ஆராதனை முடிந்து வந்ததும் மாமா வாசல் கதவைத் தாழிட்டுவிட்டார். இரண்டு தெரு தள்ளிக் கடல். கப்பல் சங்கு விட்டுவிட்டு ஊதிக்கொண்டிருந்தது.

"பச்சப்புள்ள, செத்த நேரம் பாத்துட்டு வரட்டுமே," என்றாள் அத்தை.

"ஓய்வுநாள்ல வேடிக்கையா? கடல் எங்கயும் ஓடிறாது," என்றார் மாமா.

திங்கட்கிழமை விடியுமுன்பே எங்களுக்கு ரயில். அது தெரிந்தும் அப்பா வேதப் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டார்.

சன்னலில் முகத்தைப் பதித்து நின்றேன். துருவேறிய கம்பி உதட்டில் உப்பாய்ப் பட்டது. ஆறு கம்பிகளையும் எட்டியவரை நக்கினேன்.

ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டுத் தோழி கேட்டாள்: "ஏட்டி, கடல் எம்புட்டுப் பெருசு?"

"ஆறு கம்பி இருக்கும்," என்றேன்.

மாமா சொன்னபடி கடல் எங்கும் ஓடிவிடவில்லை. பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஆனாலும் சங்கு ஊதினால் நாக்கில் ஏறுவது அந்தத் துருதான்.