ஆளுக்குப் பதில் சைக்கிள்

எழுபதுகளில் திருவொற்றியூரில் ஒரு சிறிய சேவை மையத்தில் எனக்கு வேலை. மனம் சரியில்லாத இளவட்டங்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை வரும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் நெட்டுக்குப்பம் வரை நான் ஒருத்திதான். யாருக்கு என்ன என்பதே குழம்பத் தொடங்கியதும், இன்னொரு ஆள் வேண்டும் என்று மையத்தின் செயலாளரிடம் கேட்டேன். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஆள் எதுக்கும்மா? சைக்கிள் தரேன், சுத்தி வா” என்றார்.

குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிள். நானோ புடவை, ஓட்டவும் தெரியாது. வேண்டாம் என்று சொல்லப் பயம். அதுவரை பஸ்ஸில் போனவள், சைக்கிளை பஸ்ஸில் ஏற்ற முடியாததால், அதைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். போய்ச் சேர்கிற வீடுகள் பாதியாகக் குறைந்தன.

அப்படி ஒரு நாள் வியர்த்து வழிய காலடிப்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு இளைஞன் பரீட்சையில் தோற்றதிலிருந்து யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான்.

“இப்பத் தூக்கம் வருதா?” என்று அவன் அம்மாவைக் கேட்டேன்.

“அய்ய! தூங்கறதுதாம்மா இவன் சீக்கே. தூக்கம் வராத புள்ள நெட்டுக்குப்பத்துல கீதுன்னு நீதானே சொன்ன?”

அசடு வழிய வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தேன். அது என் மேல் சாய, இருவருமாக வாசலில் கவிழ்த்திருந்த கோழிக்கூடையின் மேல் விழுந்தோம். கோழிகள் அலறின.

“பிரேக்க புடிக்காம ஸ்டாண்ட எட்த்தா இன்னா ஆவும்?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

அவன்தான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே வந்தவன் முதலில் சைக்கிளைத் தூக்கினான், அப்புறம் என்னை. என் புடவையையும் குறுக்குக் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இது உனக்கு ஒத்து வராதும்மா. பின்னாடி குந்து, நான் ஓட்றேன்.”

அன்று முதல் அவன் மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போனேன். செயலாளருக்கு ஒரே பெருமை.

“பாத்தீங்களா டாக்டர், நம்ம சைக்கிள் ஒருத்தனைக் குணமாக்கிடுச்சு! இன்னொன்னு வாங்கிடலாம்.”

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். “இன்னொரு ஆளைப் போடுங்க சார். இல்லைன்னா அடுத்த சனிக்கிழமையிலேருந்து சைக்கிளே வைத்தியம் பாக்கட்டும்.”

அடுத்த மாதமே ராயபுரத்திலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்து எண்ணூர்ப் பக்கத்தை எடுத்துக்கொண்டாள். அவனுக்கும் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது.

அதன் பிறகுதான் காலடிப்பேட்டை வீட்டில் அவசரமில்லாமல் உட்கார்ந்தேன். அந்த அம்மா மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் முட்டி வலியையும் மாமியாரையும் பற்றி மதியம் வரை சொன்னாள். முழுவதையும் கேட்டேன்.