கண்ணாடியில் கேட்ட இரண்டு தட்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ரகம் நான். திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் இதய சிகிச்சைக் கூடத்தில் டெக்னீஷியன். தினமும் இதயத்தைத் திரையில் கோடுகளாகப் பார்த்துப் பார்த்து, கோட்டில் வராத எதையும் நம்பாமல் போய்விட்டேன். அதனால் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

கூடங்குளம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மிக்கேல் அண்ணாச்சி வந்திருந்தார். சொந்தப் படகு வைத்திருப்பவர். திடீர் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், கண் இருட்டும், ஒருமுறை நடுக்கடலிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். இதற்குத் தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, அதன் நுனியைச் சூடாக்கி, கோளாறு செய்கிற இடத்தைக் கருக்கிவிடுவோம். ஆனால் அதை ஒட்டியேதான் இயல்பான துடிப்பு போகிற பாதையும் இருக்கிறது. அது கருகினால் ஆயுசுக்கும் நெஞ்சில் பேஸ்மேக்கர் கருவிதான்.

டாக்டர் இதைச் சொன்னதும் அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"எம்மா, மிஷினை வச்சிட்டா எவன் என்னை நம்பிக் கடலுக்கு வருவான்? பாத்துச் செய்யச் சொல்லு தாயி."

மதியம் ஆரம்பித்தோம். டாக்டரும் நர்ஸும் உள்ளே; டாக்டர் காலால் மிதியை அழுத்தினால் குழாய் நுனியில் சூடு ஏறும். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், திரைக்கு முன்னால். இதயத்தின் மேலறைத் துடிப்பும் கீழறைத் துடிப்பும் ஜோடியாக வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஜோடி பிரிந்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். அதற்கு என் கையருகிலும் ஒரு பொத்தான் உண்டு.

சூடு ஏறிக்கொண்டிருந்தது, கோடுகள் ஒழுங்காகத்தான் இருந்தன, அப்போது உள்ளேயிருந்து ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் அவசரமே இல்லாமல், "ஏலே மிக்கேலு, நிறுத்துலே" என்றது. யோசிக்கவேயில்லை, அழுத்திவிட்டேன். டாக்டர் கோபமாகத் திரும்பினார். அதற்குள் திரையில் ஜோடி பிரிந்தது. மேலே துடிப்பு இருக்கிறது, கீழே ஒன்றுமில்லை. நல்லவேளை, சற்று நேரத்தில் தானாகவே சேர்ந்துகொண்டது.

டாக்டர் குழாயைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். கண்ணாடியில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. நர்ஸ்தான் என்று நினைத்து, ஆரம்பிக்கலாம் என்று நான் தலையாட்டினேன். டாக்டர் மறுபடி சூடு ஏற்றினார். இந்த முறை கோளாறு அடங்கிவிட்டது.

"கோடு மாறுறதுக்கு முன்னாடியே எப்படிம்மா நிறுத்தினே?" என்றார் டாக்டர்.

"உள்ள யாரோ நிறுத்தச் சொன்னாங்களே சார்."

"யாரும் வாயே திறக்கல. அவரு மருந்துல தூங்கிட்டிருந்தாரு."

ஸ்பீக்கரைப் பார்த்தேன். அணைந்திருந்தது. இரைச்சல் வரும் என்று சூடு கொடுக்கும்போது அதை அணைத்து வைப்பது நானேதான்.

சாயங்காலம் வார்டில் அண்ணாச்சியின் மனைவி ரோசம்மாவிடம் அந்தக் குரலைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இவியள 'லே' போட்டுக் கூப்பிட ஒரே ஆளுதாம்மா உண்டு. இவிய அண்ணன் சூசை. கடல்ல தவறிப் போயிட்டாவ. படகு முன்னால நின்னு, தண்ணிக்குள்ள பாறை கெடக்கான்னு பாக்குதது அவியதான். நிறுத்துலேன்னா இவிய இஞ்சினை அணைச்சிரணும், ஏன் எதுக்குன்னு கேக்கப்பிடாது."

நான் எழுந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னார்.

"பாறையைத் தாண்டின பொறவு பலகையில ரெண்டு தட்டு தட்டுவாவ. அதைக் கேட்டாத்தான் இவிய திரும்ப இஞ்சினைப் போடுவாவ."

தட்டைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை. நர்ஸிடம் கேட்டால், சுத்தமான கையுறையோடு யாராவது கண்ணாடியைத் தொடுவார்களா என்று சிரித்தாள்.

அண்ணாச்சி இப்போது கடலுக்குப் போகிறார், மிஷின் இல்லாமல். நானும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். டாக்டர் மிதியில் கால் வைக்கும்போதெல்லாம் என் கண் திரையில் இருக்கிறது, காது கண்ணாடியில் இருக்கிறது. தட்டு எதுவும் கேட்பதில்லை. கேட்காமலேயே சூடு ஏறுகிறது, என் விரல் பொத்தானை விட்டு நகர்வதில்லை.