கேலரிச் சுவர்

எங்கள் காஞ்சிபுரத்துக் கல்லூரியின் கால்பந்து மைதானத்தைச் சுற்றி முன்பு வெறும் மண்மேடுதான். பிறகு குதிரை லாட வடிவில் பெரிய கேலரி கட்டினார்கள். அதற்கு வரைபடம் போட்டவர் என் கணவர். எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு கோல் கம்பமும் தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சாலைப் புழுதிக்காகக் கடைசிப் படிக்குப் பின்னால் வளைவாக ஓர் உயரச் சுவரும் வைத்தார்.

அவர் போனபின் தினமும் மாலையில் அங்கே போய், அந்தச் சுவரில் சாய்ந்து அவரிடம் பேசுவேன். வீட்டுச் சங்கதிதான். பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒருநாள் நான் வாயெடுக்குமுன் காதருகில் ஒரு பெண்குரல் கேட்டது.

“நேத்து ரசம் புளிச்சுப்போச்சுன்னீங்களே, இன்னிக்கு சரியா வந்துச்சாமா?”

தூக்கிவாரிப் போட்டது. கேலரியின் எதிர்க்கோடியில், அதே சுவரில் சாய்ந்திருந்த ஒருத்தி கையை ஆட்டினாள்.

“தப்பா நெனச்சிக்காதீங்கமா. புள்ளைய ப்ராக்டீஸுக்கு இட்டுக்கினு வந்து இங்கதான் குந்தியிருப்பேன். நீங்க பேசறது செவுரு வழியா கேக்குது.”

கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை நாளும் ஒட்டுக் கேட்டிருக்கிறாளே! விருட்டென்று எழுந்தேன். ஆனால் வீட்டில் யார் இருக்கிறார்கள், போவதற்கு? மறுபடி உட்கார்ந்தேன்.

“இன்னிக்கு ரசமே வைக்கலமா. ஒருத்திக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்.”

எதிர்க்கோடியில் அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“நாளைக்கு வைங்க. எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லணும்.”

புழுதியைத் தடுக்கத்தான் அவர் அந்தச் சுவரை வைத்தார். அது பேச்சைக் கொண்டுபோகும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் காலை எழுந்ததும் புளியை ஊறப்போட்டேன்.