ரைட்டர் எடை போட்ட ஆட்டம்

மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பெரியசாமி ரைட்டர். காப்பிப் பழம் பறித்துவரும் பெண்கள் சாயங்காலம் மூட்டையைத் தராசில் வைப்பார்கள். இவர் கிலோவை நோட்டில் எழுதுவார்; கிலோ குறைந்தால் ‘அரை நாள் ஆள்’ என்று அரைக் கூலிதான். நோட்டில் ஏறிவிட்டதை அந்த எஸ்டேட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை, மேனேஜர் உட்பட. இப்படி ஒரு நோட்டு கையில் இருக்கும் மனிதருக்குத் தலைக்கனம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

அவர் வாழ்நாளில் பந்தை உதைத்ததில்லை. ஒருமுறை அது உருண்டு காலடிக்கு வந்தபோது குனிந்து கையால் எடுத்துக் கொடுத்தார். ஆனாலும் எஸ்டேட் ஃபுட்பால் டீமுக்கு அவர்தான் செயலாளர், ஏனென்றால் டீம் போய்வரும் ஜீப்பின் சாவி அவரிடம் இருந்தது. போன வருடம் செல்போனில் ஏதோ வெளிநாட்டு மேட்ச் பார்த்தார். ஆட்டம் புரியவில்லை. முடிந்ததும் திரையில் வந்த பட்டியல் மட்டும் நன்றாகப் புரிந்தது: இந்த டீம் இத்தனை பாஸ், இத்தனை சதவீத நேரம் பந்து இவர்கள் காலில். அட, இது நம்ம தொழிலாயிற்றே என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மைதானத்து ஓரம் நாற்காலி போட்டாயிற்று. யார் எத்தனை தடவை பந்தைத் தொட்டார்கள் என்று பேருக்கு நேரே கோடு கிழித்தார். கோலை மட்டும் எழுதவில்லை. கேட்டவர்களிடம், “அதுதான் எல்லார்த்துக்கும் தெரியுமேப்பா, அதையெதுக்கு எழுதோணும்?” என்றார்.

எஸ்டேட்டுகளுக்குள் நடக்கும் கப் போட்டியில் டீம் பைனலுக்கு வந்தது. மலைமேல் ஒண்டிக்கடை முக்கு டீக்கடைகளில்கூட அதே பேச்சு. சேலத்துக் கிளப் ஒன்றின் கோச் ஹரிஹரன், முன்னால் நின்று கோல் அடிக்க ஒரு பையன் வேண்டுமென்று ஆட்டத்தைப் பார்க்க மலையேறி வருகிறார் என்று தகவல். எடுத்துக்கொண்டால் தங்க இடம், சாப்பாடு, கூடவே ஒரு வேலை. எல்லார் கண்ணும் ரஞ்சித் மேல்தான். பழம் பறிக்கும் மேகலாவின் ஒரே மகன். செமி பைனலில் விழுந்த இரண்டு கோலும் அவன் அடித்தது.

பைனலுக்கு முதல் நாள் கேப்டன் மரியஜோசப்பைக் கூப்பிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினார் பெரியசாமி.

“செமியில நடுவுல ஆடுற கோபி எம்பத்தியொரு தடவை தொட்டிருக்கான். ரஞ்சித் ஒம்போது. தொண்ணூறு நிமிசத்துல ஒம்போதே தடவை! இவன் அரை நாள் ஆளுகூட இல்ல. வெளிய உக்காரட்டும்.”

“ஏனுங்க ரைட்டரண்ணா, அந்த ஒம்போதுல ரெண்டு கோலுங்களே.”

“மீதி ஏழு என்னாச்சுங்கறேன்?”

மரியஜோசப் நோட்டைப் பார்த்தான், ஆட்டக்காரர் பட்டியலில் ரஞ்சித் பேரை அடித்தான். பழக்கம் அப்படி.

பைனலன்று ரஞ்சித் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். உள்ளே இவர்கள் கோபிக்குக் கொடுக்க, கோபி பின்னால் கொடுக்க, பின்னால் இருந்தவன் மறுபடி கோபிக்கே கொடுக்க, நோட்டில் இடம் போதவில்லை. பெரியசாமிக்குக் கை வலித்தது, மனசு நிறைந்தது. எதிரணி மொத்தமே நாலு முறைதான் இந்தப் பக்கம் வந்தது. நாலாவது முறை கோல் விழுந்தது. கப் அவர்களோடு போயிற்று.

பெரியசாமி அசரவில்லை. கோச்சிடம் ஓடினார்.

“எழுவது சதவீதம் பந்து நம்மகிட்டத்தானுங்க இருந்துச்சு. கோபியைப் பாருங்க, நூத்திப் பதினாலு!”

“செமியில ரெண்டு கோல் போட்ட பையன் யாருங்க?”

“அவன் ஆடலீங்க. நம்ம நோட்டுப்படி நொம்பக் கம்மி.”

ஹரிஹரன் கார்க் கதவைத் திறந்தார். “நான் ஆட்டத்தைப் பார்க்காத பையனை எப்படிங்க கூட்டிட்டுப் போறது?” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ரஞ்சித் பூட்ஸைக் கழற்றினான். அதில் ஒரு புல்கூட ஒட்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை எடை போடும் நேரம். மேகலா மூட்டையைத் தராசில் வைத்தாள். நாற்பத்திரண்டு கிலோ. பெரியசாமி பேனாவை எடுத்தார்.

“ஏனுங்க ரைட்டரு,” என்றாள். சத்தம் போடவில்லை. “எம் பையனை அரை நாள் ஆளுகூட இல்லைன்னீங்களாமா. நீங்க இத்தனை வருசத்துல ஒரு பழம் பறிச்சிருக்கீங்களா? உங்களை எத்தனை நாள் ஆளுன்னு எழுதறதுங்க?”

வரிசையில் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அதட்டியிருக்கலாம். பெரியசாமிக்குக் காதுவரை சுட்டது. செய்தது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தார்.

மேகலா மூட்டையை இறக்காமல், பதிலுக்காக அப்படியே நின்றாள்.