என் வயலின் எந்த ஊர்ச் சத்தம்?

ஒஸ்லோவில் யாராவது உங்களைப் பார்த்து 'இக்கே வெஷ்ட்' என்றால் மனம் உடைந்துபோகாதீர்கள். 'அவ்வளவு மோசமில்லை' என்று அர்த்தம். இங்கே அதுதான் பெரிய பாராட்டு. அது தெரியாமல், எங்கள் இசைக்குழுவின் முதல் ஒத்திகையில் என் வாசிப்பை அப்படிச் சொன்னதுமே வயலினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சப்பாத்துப் போடும்போது பாடகன் லார்ஸ் ஓடிவந்தான். "எங்கை போறாய்? வியாழக்கிழமையும் ஒத்திகை இருக்கு."

குழு வாசித்தது அமெரிக்கக் கன்ட்ரி இசை, அதாவது கௌபாய்ப் பாட்டு, கொஞ்சம் ரொக் கலந்து. எங்களில் ஒருவருமே அமெரிக்காவைக் கண்டதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்பதால் அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. "படிக்காட்டி மாடு மேய்க்க விடுவன் எண்டு எல்லாரும் பிள்ளையளை வெருட்டுவினம். நீ படிச்சுப்போட்டெல்லோ மாடு மேய்க்கிறவன்ரை பாட்டுக்குப் போறாய்!"

ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான்கு தந்திகளையும் கர்நாடக முறைப்படி ச-ப-ச-ப என்று சுருதி சேர்க்கத்தான் பழகியிருந்தேன். மேற்கத்திய முறை வேறென்று தெரியாமல் முதல் அல்பம் முழுக்க அப்படியே வாசித்தேன். அமெரிக்க மலைநாட்டுப் பழைய கலைஞர்களும் இப்படிச் சேர்ப்பதுண்டாம். நான் அதை ஆராய்ந்து கற்றவன் என்று லார்ஸ் நம்பிவிட்டான். தமிழ் வகுப்பில் சொல்லித்தந்தது என்றேன். தன்னடக்கம் என்று மெச்சினான்! அந்த அல்பத்தில் குதிரை ஓட்டம்போல வேகம், பாட்டுக்குப் பாட்டு வயலின். இரண்டாவதில் வேகம் தணிந்தது. பாட்டுகளுக்குள் பனி இறங்கியதுபோல இருக்கும். ஸ்டீல் கிற்றார் முன்னுக்கு வர, நான் அடியில் நீளமாக ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது அல்பத்துக்கு லார்ஸ் கீபோர்ட் வாங்கி வந்தான். "இனி அமெரிக்கா வேண்டாம். எங்கடை சொந்த ஊர்ச் சத்தம் வேணும். வயலினை விடுவம்" என்றான்.

வயலின் போனால் அந்தக் குழுவில் எனக்கு வேலையில்லை.

"ஆரின்ரை சொந்த ஊர்?" என்று கேட்டேன்.

"ஒஸ்லோ."

"நான் இதைப் பழகினதும் ஒஸ்லோவிலைதான். அமெரிக்கா எந்தப் பக்கமெண்டே இந்த வயலினுக்குத் தெரியாது."

லார்ஸ் கீபோர்ட்டில் தன் புதுப்பாட்டைத் தொடங்கினான். பிறகு, "சரி, வாசி" என்றான்.

முன்னைய இரண்டு அல்பங்களிலும் கன்ட்ரிக்குப் பொருந்தாதென்று கமகங்களை நானே சீவி எறிந்திருந்தேன். இந்தமுறை எறியவில்லை. அவனுடைய புதுப்பாட்டின் மெட்டையே எடுத்து, வகுப்பில் பழகியபடி விரலை வழுக்கி, சுரங்களை அசைத்து வாசித்தேன். டிரம்ஸ் நின்றது. லார்ஸ் கீபோர்ட்டிலிருந்து கையை எடுத்தான்.

"இதை ஏன் இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சனீ?"

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே."

கடைசிப் பாட்டின் நடுப்பகுதியை அப்படியே எனக்கு விட்டார்கள். கீபோர்ட்டும் இருந்தது, வயலினும் இருந்தது. எங்களுடைய அல்பங்களில் ஆகச் சிறந்தது அதுதான் என்று கூச்சமில்லாமல் சொல்வேன்.

அல்பம் வெளியானதும் அப்பா தானே ஐந்தாறு பிரதிகளைத் தமிழ்க் கடைக்குக் கொண்டுபோய், "மகன்ரை, முன்னுக்கு வையும்" என்று கொடுத்திருக்கிறார். கடைக்காரர் அட்டையில் வயலினைக் கண்டுவிட்டு, ஊதுபத்திக்குப் பக்கத்தில் பக்திப் பாடல்களோடு அடுக்கிவிட்டார். நகரத்து இசைத்தட்டுக் கடையில் அது 'அமெரிக்கா' தட்டில் இருந்தது. நான் எடுத்து 'நோர்வே' தட்டில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமை போனால் திரும்ப அமெரிக்காவில் நிற்கிறது. மறுபடியும் எடுத்து மாற்றி வைத்தேன்.